பெயர்த்து நட்ட விடுதி

சாலையோரச் சரிவில் ஆளுயரப் புல் வரிசையாக நின்றது. கயிறு பிடித்து நட்டதுபோல் ஒரே கோடு. அதற்கு மேலே சேப்பங்கிழங்குத் தோட்டம், கீழே தார்ச்சாலை, அதற்கும் வெகு கீழே நுரைத்துக்கொண்டிருக்கும் அட்லாண்டிக். என்ன புல் என்று ஓட்டுநரைக் கேட்டேன். ‘கஸ்கஸ்’ என்றார். அது ஆங்கிலம் பேசும்போது சொல்வது; வீட்டில் கிரியோல் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று மறுபடி கேட்டேன். “வெத்திவே” என்றார்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். நான் கடலூர்ப் பக்கத்துக்காரன். நொச்சிக்காட்டு மணலில் வெட்டிவேர் தோண்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் கடற்கரையில் பிறந்த சொல் பிரெஞ்சுக்காரர் வாய்வழியாக உலகமெல்லாம் போனது என்று படித்திருக்கிறேன். ஆனால் கரீபியன் கடலில், எரிமலைச் சரிவில், தமிழ் என்றொரு மொழி இருப்பதையே அறியாத மனிதர் அதை இயல்பாகச் சொல்லிக் கேட்டது வேறு. எங்கள் ஊரில் இதன் வேரைத் தோண்டி விற்போம் என்றேன். அவர் புல்வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “இங்கே தோண்டினால் மலை சாலைக்கு வந்துவிடும்.”

டொமினிக்காவில் நான் இருந்த நாட்களெல்லாம் அந்தப் பதில் கூடவே வந்தது.

டொமினிக்கா என்றால் டொமினிக்கன் குடியரசு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு நாடு. பிரான்ஸின் வசமிருக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினீக்குக்கும் நடுவில் 750 சதுர கிலோமீட்டர் மலை. சுமார் எழுபதாயிரம் பேர். இரு பக்கத்துத் தீவுகளுக்கும் 1850களில் தொடங்கி நம் ஆட்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள். அங்கே இன்றும் ‘கொலொம்போ’ என்ற பெயரில் ஒரு மசாலாக் குழம்பு கொதிக்கிறது. தெளிந்த நாளில் டொமினிக்காவின் தென்முனையில் நின்றால் மார்த்தினீக் கண்ணுக்குத் தெரியும்.

தீவின் முதுகெலும்பே எரிமலைகள்தான். ஒன்பது இருக்கின்றன, எதுவும் அணைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. அகலம் அதிகபட்சம் 26 கிலோமீட்டர், உயரமோ 1,447 மீட்டர். அப்படியென்றால் சரிவு எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். பூர்வகுடிகளான கலினாகோ மக்கள் இத்தீவை ‘வைத்துக்குபுலி’ என்றார்கள். அவள் உடல் உயரமானது என்று பொருள். நாளுக்கொன்றாக 365 ஆறுகள் என்பது ஊர்க்கணக்கு. கடற்கரை பெரும்பாலும் கருமணல். பஞ்சுபோன்ற வெண்மணலும் நீலக் கடலும் தேடி வருகிறவர்களை அக்கம்பக்கத்துத் தீவுகள் அழைத்துக்கொள்ள, இங்கே காடு தப்பித்தது.

வாழையைப் பற்றிச் சொல்லாமல், நான் தேடிவந்த விடுதியைப் பற்றிச் சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தத் தீவை நடத்தியது வாழைதான். ‘பச்சைத் தங்கம்’ என்றே அழைத்தார்கள். ஏக்கர் கணக்கில் தோட்டம் தேவையில்லை. ஒரு சரிவு, ஒரு குடும்பம், வாரம் ஒருமுறை துறைமுகத்துக்கு வரும் கப்பல், பிரிட்டனில் உறுதியான விலை. 1990களில் அந்தச் சலுகை உலக வர்த்தக அமைப்பில் வழக்காகி, 1997ல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராகப் போனது. லத்தீன் அமெரிக்கப் பெருந்தோட்டங்களின் விலையோடு ஒரு மலைச்சரிவுக் குடும்பம் எப்படிப் போட்டியிடும்? தென்கிழக்கு மூலையில் இருந்த கிராமங்கள் முதலில் தளர்ந்தன. டெலீஸ், பெத்தீத் சவான் போன்ற ஊர்கள் அவை. இளைஞர்கள் வெளியேறினார்கள்.

அந்த மூலையில்தான் 2005ல் ‘ஜங்கிள் பே’ திறந்தது. நிறுவியவர் சாம் ராஃபேல், இந்தத் தீவுக்காரர். டெலீஸுக்கு அருகே கடலைப் பார்த்த காட்டுக்குள், கால்களின்மேல் நிற்கும் 35 மரக்குடில்கள். காட்டைத் திருத்திக் கட்டடம் வைக்காமல் மரங்களுக்கு நடுவே கட்டடத்தை நுழைத்தார்கள். வாழை கைவிட்ட குடும்பங்களிலிருந்து ஆட்களை எடுத்து, தச்சு, சமையல், வழிகாட்டல் என்று பழக்கினார்கள். காய்கறியும் மீனும் சுற்றுவட்டாரத்திலிருந்தே வாங்கினார்கள். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயைத் தவிர்த்து, துண்டை இரண்டு நாள் பயன்படுத்துங்கள் என்று அட்டை வைத்துவிட்டாலே ‘சூழலியல் விடுதி’ என்று பெயர் சூட்டிக்கொள்ளும் காலத்தில், ஒரு நலிந்த வட்டாரத்துக்குப் புதுப் பிழைப்பு தந்த இடம் என்பதால் அந்தப் பெயர் இதற்குத் தகும் என்று நான் நம்புகிறேன்.

பத்தாண்டு ஓடியது.

2015 ஆகஸ்ட் 27. எரிக்கா என்ற புயல். சூறாவளி என்று வகைப்படுத்தும் அளவுக்கு அதற்குக் காற்றுவேகம் இல்லை. தீவுக்காரர்கள் பெரிதாக எதையும் கட்டி வைக்கவில்லை, பலகை அடிக்கவில்லை. காற்றுக்குப் பதில் மழை வந்தது. தலைநகர் ரோசோவுக்கு அருகிலுள்ள கேன்ஃபீல்டு விமான நிலையத்தில் அரைநாளுக்குள் 320 மில்லிமீட்டர் பதிவானது. மலைகளில் எவ்வளவு என்று அளக்க ஆள் இல்லை.

எரிமலைச் சாம்பலில் உருவான மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தபோது செங்குத்தாகக்கூட நிற்கும், நன்றாக விளையும். ஆனால் அடியில் பாறை, மேலே தளர்ந்த மண் என்று இரண்டு அடுக்காக இருப்பதால், தண்ணீர் இறங்கி இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டால் மேலடுக்கு முழுவதும் பாய் உருவுவதுபோல நழுவிவிடும். மரத்தோடு, வேரோடு, வீட்டோடு. வேர் பாறைக்குள் இறங்கினால்தான் பிடி. அன்று நூற்றுக்கணக்கான இடங்களில் மலை உருவிக்கொண்டு இறங்கியது. இறங்கிய மரங்கள் ஆறுகளை அடைத்தன. அடைப்பு உடைந்தபோது ஆறு ஊருக்குள் பாய்ந்தது. சுமார் 30 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். சேதத்தின் மதிப்பு நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம். பேய்க்காற்றடிக்காத ஒரு புயல் இதைச் செய்தது.

ஜங்கிள் பே அன்று அழிந்தது. பெத்தீத் சவானும் அழிந்தது. சாலைகள் அறுந்துபோனதால் அந்த ஊர் மக்களைக் கடல்வழியாகப் படகுகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இனி அங்கே யாரும் குடியிருக்கக்கூடாது என்று அரசு அறிவித்தது.

ஒரு விடுதி, ஒரு கிராமம். ஒரே வட்டாரம், ஒரே நாள், ஒரே மண். அதன்பிறகு இரண்டும் எங்கே போயின என்பதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

டெலீஸுக்குக் கிழக்குக் கரை வழியாகச் சென்றோம். லா பிளேன் தாண்டியதும் சாலை மெலிந்துகொண்டே போகிறது. இந்தப் பக்கத்துக் கடல் குளிக்கிற கடல் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து தடையின்றி வரும் அலை கரும்பாறைகளில் வந்து விழுகிறது. ஆற்று முகத்துவாரத்தில் வீட்டளவு பாறைகள் கிடக்கின்றன. உருண்டு வழவழப்பானவை அல்ல, முனை மழுங்காதவை. நேற்றுத்தான் மலையைவிட்டு இறங்கியவைபோல இருக்கின்றன. விடுதி இருந்த பக்கம் காடு மூடிவிட்டது. நான் படிக்கட்டையோ தூணையோ தேடவில்லை. மரங்கள் நெருங்கி நிற்கும் அந்தப் பச்சையைப் பார்த்தபோது, எந்த அழகை நம்பி இங்கே கட்டினார்களோ அந்த அழகே ஒரு சரிவின் தற்காலிகத் தோற்றம்தான் என்று பட்டது. காடு அடர்ந்திருந்தால் மண் உறுதியாக இருக்கும் என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மழைக்காடு ஒரு பழைய மண்சரிவின்மேலும் முளைக்கும். எவ்வளவு அடர்த்தி என்பதோடு எத்தனை வயது என்பதையும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ராஃபேல் அதே இடத்தில் மறுபடி கட்டவில்லை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பேரிடருக்குப் பிறகு எல்லோரும் முதலில் சொல்வது, ‘அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக எழுப்புவோம்’ என்பதுதான். மேடையில் கைதட்டல் வாங்கும் வாக்கியம் அது. மண் வேறு சொல்கிறதென்றால் அதைக் கேட்பது அவமானம் இல்லை. புதிய இடம் தீவின் தென்மேற்கே, சூஃப்ரியேர் விரிகுடாவைப் பார்த்த மோர்ன் அக்கூமா என்ற குன்று. அங்கே கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதுதான் மரியா வந்தது.

2017 செப்டம்பர் 18. ஒரே நாளில் அந்தச் சூறாவளி முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்கு ஏறிவிட்டது. இரவு ஒன்பது மணி தாண்டிக் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 265 கிலோமீட்டர். பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட்டின் வீட்டுக் கூரை பறந்தது. வீட்டில் தண்ணீர் ஏறுகிறது, சூறாவளியின் தயவில் இருக்கிறேன் என்று அவர் முகநூலில் எழுதினார். சிறிது நேரத்தில் தொலைபேசி, மின்சாரம், இணையம் எல்லாம் அடங்கின. ஒரு நாடே பேசுவதை நிறுத்திவிட்டது. அடுத்த சில நாட்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிலர் மட்டும்தான் வெளியுலகுக்குச் செய்தி சொன்னார்கள்.

விடிந்தபோது தீவு பழுப்பாக இருந்தது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஒரு மரத்தில்கூட இலை இல்லை. நாற்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கும் வீட்டை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன் என்று ரோசோ சந்தையில் ஒரு பாட்டியம்மா சொன்னார். நடுவில் இருந்த காடு காணாமல் போயிருந்தது. நாட்டின் கொடியில் இருக்கும் சிசெரூ கிளி, ஆழ்காட்டைவிட்டு வெளியே தலைகாட்டாத பறவை, பழம் தேடி மனிதக் குடியிருப்புப் பக்கம் இறங்கி வந்தது. 65 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். வீடுகளில் 90 சதவீதம் சேதம். மொத்த இழப்பு 130 கோடி டாலர். நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 226 சதவீதம். இரண்டு வருட உழைப்பும் அதற்கு மேலும் ஒரே இரவில் போயிற்று. ஐந்து நாள் கழித்து ஸ்கெரிட் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று, உலகத்திலேயே முதன்முதலாகப் பருவநிலையைத் தாங்கி நிற்கும் நாடாக இதை ஆக்குவோம் என்று அறிவித்தார்.

அது எப்படி? இதற்குப் பதிலை நான் சூஃப்ரியேரில் ஒரு வயதான தச்சரிடம் கேட்டேன். 1979ல் டேவிட் சூறாவளி அடித்தபோது அவர் பையன். அன்று தீவில் நால்வரில் மூவர் வீடிழந்தார்கள். மரியாவின்போது அவர் தாத்தா. இரண்டையும் பார்த்தவர் கூரையைப் பற்றிப் பேசும்போது கையாலேயே பேசுகிறார்.

காற்று கூரையை அழுத்தி உடைக்காது என்பதுதான் முதல் பாடம். தூக்கும். சரிவு குறைந்த கூரையின்மேல் காற்று ஓடும்போது மேலே அழுத்தம் குறைகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்று கீழிருந்து தள்ளுகிறது. ஒரு ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்துகொள்ளும். பிறகு கூரை ஒரு கப்பற்பாய். அதனால் ஜன்னலுக்குக் கனமான மரக்கதவு, அலங்காரத்துக்கல்ல, கூரையைக் காப்பாற்ற. சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவர் எழும் கூரையைவிட நான்கு பக்கமும் சரிந்த கூரை தாங்கும். எந்தத் திசையில் வந்தாலும் காற்றுக்குப் பிடி கிடைக்காது. கூரை சுவரைத் தாண்டி அதிகம் நீளக்கூடாது. நீண்டால் அடியில் காற்று கொக்கி போடும்.

“தாழ்வாரம் வேண்டுமே, வெயிலுக்கும் மழைக்கும்?” என்றேன். எங்கள் ஊர் வீடுகளில் தாழ்வாரம் இல்லாத வீடு வீடாகுமா என்ற நினைவில் கேட்டேன்.

“வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குத் தனிக் கூரை போடுங்கள். காற்று கேட்டால் அதைக் கொடுத்துவிடலாம். வீட்டுக் கூரையோடு சேர்த்துக் கட்டினால், அது போகும்போது இதையும் இழுத்துக்கொண்டு போகும்.”

இழக்கவேண்டியதை முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டுவது. எந்தப் பொறியியல் வகுப்பிலும் இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

பிறகு இணைப்புகள். தகரத்தை ஆணியால் அடித்தால் காற்று குலுக்கிக் குலுக்கி ஆணியை உருவிவிடும். திருகாணி வேண்டும், அதுவும் நெருக்கமாக. கைமரம் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது. உலோகப் பட்டை வளைத்துச் சுவர்க்கட்டையோடு பிணைக்க வேண்டும். சுவர்க்கட்டை சுவரோடு, சுவர் அஸ்திவாரத்தோடு. மேலிருந்து கீழ்வரை ஒரே சங்கிலி. அதில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றதெல்லாம் வீண். மரியாவுக்குப் பின் அரசு 2018ல் வீடு கட்டும் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது இவற்றைத்தான் எழுதிவைத்தது. ஆனால் இதில் பாதி புதிதல்ல என்கிறார் தச்சர். ‘தி காஸ்’ என்று அழைக்கப்படும் பழைய மரவீடுகளைக் காட்டினார். சிறியவை. செங்குத்துக் கூரை, நான்கு பக்கச் சரிவு, கல்தூண் மேல் நிற்கும் உடல், துளையிட்டு நாக்கு செருகிய மரமூட்டு. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட மக்கள் தங்கள் கைக்காசில் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. நடுவில் சிமெண்டும் தட்டைக் கூரையும் வசதிபடைத்தவர்களின் அடையாளமாக வந்தபோது அந்த அறிவு பின்வாசலுக்குப் போனது.

2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் விழுந்த முந்திரியையும் பலாவையும் கணக்கெடுத்தார்கள். எந்த ஓலைக்கூரை நின்றது, ஏன் நின்றது என்று யாராவது ஒரு கிழவரிடம் உட்கார்ந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எரிக்காவும் மரியாவும் எதிரெதிரான பாடம் சொல்கின்றன. காற்றுக்கு அஞ்சினால் பள்ளத்தாக்கில் ஒதுங்கத் தோன்றும். அங்கே ஆறு வரும். ஆற்றுக்கு அஞ்சினால் மேட்டுக்கு ஏறத் தோன்றும். அங்கே காற்று அடிக்கும். சரிவில் நின்றால் மண் நழுவும். கனமான கான்கிரீட் காற்றைத் தாங்கும். அதே கனம் தளர்ந்த சரிவை அழுத்தித் தள்ளும். இலேசான மரம் சரிவைத் தொந்தரவு செய்யாது, காற்றோடு போகும். இந்தத் தீவில் ‘பத்திரமான இடம்’ என்று ஒன்று இல்லை. எந்த ஆபத்தை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வது என்ற தேர்வுதான் இருக்கிறது. ஆகவே ஒரே பெரிய கட்டடத்துக்குப் பதில் சிதறிய சிறு கட்டடங்கள் என்பது இங்கே அழகியல் அல்ல. ஒன்று போனால் மற்றது நிற்கும். தோண்டும் மண்ணும் குறையும்.

சூஃப்ரியேருக்குள் நுழையும்போதே பெயருக்குக் காரணம் மூக்கில் ஏறும். பிரெஞ்சில் கந்தகம் இருக்கும் இடம் என்று பொருள். ஊருக்குப் பின்னால் வெந்நீர் ஊற்றுகள். கடற்கரையில் கல்லடுக்கி வளைத்த சிறு குளத்தில் அடித்தரையிலிருந்து குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. காலை வைத்தால் கடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. விரிகுடாவே பழைய எரிமலை வாயொன்றின் விளிம்பு என்கிறார்கள். கரையிலிருந்து சில அடி தள்ளினாலே அதலபாதாளம். மீனவர்கள் வலை போடும் இடம், முக்குளிப்பவர்கள் இறங்கும் இடம் என்று பிரித்து, உள்ளூர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நிர்வகிக்கும் கடற்காப்பகம் இது. விரிகுடாவின் தென்முனையில் ஸ்காட்ஸ் ஹெட். ஒரு குன்றை ஊரோடு இணைக்கும் மெல்லிய நிலப்பட்டை. ஒரு பக்கம் அட்லாண்டிக், ஒரு பக்கம் கரீபியன். கலினாகோ மொழியில் இதற்குக் ‘கச்சக்ரூ’ என்று பெயர். தின்னப்பட்டுக்கொண்டிருப்பது என்று அர்த்தம். கடல் அரிப்பைப் பற்றிய எல்லா ஆய்வுகளுக்கும் முன்பே வைத்த பெயர்.

ஜங்கிள் பே இந்தக் குன்றில் 2019ல் மறுபடி திறந்தது. கீழே ஊர்த் தேவாலயம், மீன்பிடிப் படகுகள். மேலே மரங்களுக்கிடையே தனித்தனி வில்லாக்கள், மேற்கே பார்த்த வராந்தாக்கள். நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்குவரை போகும் 185 கிலோமீட்டர் வைத்துக்குபுலி நடைபாதை ஸ்காட்ஸ் ஹெட்டில் தொடங்கி இந்தப் பக்கம்தான் ஏறுகிறது. மாலையில் அங்கே நின்று கடலைப் பார்த்தேன். அந்த அழகை வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை. டெலீஸின் அழகு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1993 முதல் டொமினிக்கா முதலீட்டுக்குக் குடியுரிமை தருகிறது. நாட்டின் நிதிக்கு ஒரு தொகை செலுத்தலாம், அல்லது அரசு அங்கீகரித்த விடுதியில் பங்கு வாங்கலாம், கடவுச்சீட்டு கிடைக்கும். மறுபிறவி எடுத்த ஜங்கிள் பேக்கும் தீவின் வேறு பல புதிய விடுதிகளுக்கும் முதல் போட்டது இந்த வழிதான். எரிக்காவிலும் மரியாவிலும் வீடிழந்தவர்களுக்கு அரசு கட்டிய குடியிருப்புகளும் பெருமளவு இந்தப் பணம்தான். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இப்படிப்பட்ட சரிவுக்குப் பணம் தரத் தயங்கும்போது வேறு எங்கே போவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதற்கும் விலை உண்டு. 2023 ஜூலையில் பிரிட்டன், இந்தத் திட்டத்தின் குறைகளைக் காரணம் காட்டி, டொமினிக்கா குடிமக்கள் அனைவரும் விசா எடுத்தே வரவேண்டும் என்றது. லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிற தாய்க்கு அந்தக் கடவுச்சீட்டை யாரும் விற்கவில்லை. அவருக்குப் பிறப்பால் வந்தது. வரிசையில் நிற்பவர் அவர்.

இதனோடு ஒப்பிட ஒரு நிலம் இதே தீவில் இருக்கிறது. கிழக்குக் கரையில் கலினாகோ மக்களுக்கு 1903ல் ஒதுக்கிய 3,700 ஏக்கர். அங்கே நிலம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. விற்கமுடியாது, வங்கியில் அடகு வைக்கமுடியாது. அதனால் பெரிய கடன் கிடைக்காது, பெரிய விடுதியும் எழாது. சில குடும்பங்கள் பயணிகளுக்கு அறை வைத்திருக்கின்றன. நான் அப்படியொன்றில் இரண்டு இரவு தங்கினேன். மரியாவுக்குப் பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். வீட்டு அம்மா தரையைக் காட்டினார். வாழை விழுந்தது, ஈரப்பலா விழுந்தது, தென்னை விழுந்தது. சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் வள்ளிக்கிழங்கும் மண்ணுக்குள் இருந்தன. காற்று தொடமுடியாத இடத்தில் சாப்பாட்டை வைத்திருந்தார்கள். அன்றிரவு சேப்பந்தழையில் காய்ச்சிய கலலூ சூப்பும் மரவள்ளி ரொட்டியும் கொடுத்தார். ஹரிக்கேன் என்ற சொல்லே இந்தத் தீவுக்கூட்டத்துப் பூர்வகுடிகளின் வாயிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. அதற்குப் பெயர் வைத்தவர்கள் அதனோடு வாழவும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு விடுதி தன் சமையலறைக்கு எங்கிருந்து வாங்குகிறது என்பதைக் கேட்பவர்கள், அந்தப் பயிர் மண்ணுக்கு மேலேயா கீழேயா என்பதையும் கேட்கலாம்.

விடுதி போன இடத்தைப் பார்த்தாயிற்று. கிராமம் போன இடம் பெல்வியூ ஷோப்பேன். ரோசோவிலிருந்து தெற்கே கிராண்ட் பே போகும் சாலையில், மேட்டு நிலத்தில், அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள். உறுதியானவை, சுத்தமானவை. குழந்தைகள் சமதளத்தில் பந்து விளையாடினார்கள். பெத்தீத் சவானில் பந்து கையைவிட்டுப் போனால் கடலில்தான் எடுக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். இரவில் மழை பெய்தால் இப்போது தூக்கம் வருகிறது என்றும் சொன்னார். இந்தக் குடியிருப்பைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆனால் பெத்தீத் சவான் வெறும் வீடுகள் அல்ல. பே எண்ணெய் காய்ச்சும் ஊர் அது. பே என்பது நம் பிரிஞ்சி இலை அல்ல. கிராம்பின் குடும்பத்து மரம், இலையைக் கசக்கினால் கிராம்பு வாசனையே வரும். செங்குத்துச் சரிவில், வேறெதுவும் நிற்காத மண்ணில் வளரும். கிளைகளை வெட்டி, விறகடுப்பின்மேல் வைத்த பெரிய கொப்பரையில் இலையைத் திணித்து, ஆவி பிடித்துக் குளிர்வித்தால் எண்ணெய் பிரியும். சவரம் செய்தபின் பூசும் நறுமணத் திரவங்களுக்கு அது போகும். உலகச் சந்தைக்கு டொமினிக்கா தந்த பே எண்ணெயில் பெரும்பகுதி இந்த ஒற்றை ஊர்ச் சரிவுகளிலிருந்து போனது. வீட்டைப் பெயர்த்து மேட்டில் வைத்துவிடலாம். தாத்தா நட்ட மரத்தைப் பெயர்க்க முடியாது. விடுதிக்குத் தேவை ஒரு காட்சி, ஒரு கடல், வந்துபோக ஒரு சாலை. அவை தீவின் மறுபக்கத்திலும் கிடைத்தன. இந்த ஊருக்குத் தேவை அந்த மண்ணேதான். ஜங்கிள் பேயில் வேலை பார்த்த டெலீஸ்காரர் மலையைச் சுற்றிக்கொண்டு சூஃப்ரியேருக்குத் தினம் வந்து போவது எளிதல்ல. ஒரு வட்டாரம் நலிந்ததால் அங்கே தொடங்கிய விடுதி, அந்த வட்டாரத்தைவிட்டு நகர்ந்தே உயிர் பிழைத்தது. நகர்ந்தது சரி என்றே நினைக்கிறேன். அதனால் அந்த மூலைக்கு ஏற்பட்ட பள்ளத்தையும் கணக்கில் எழுதவேண்டும் என்றும் நினைக்கிறேன்.

பெல்வியூ ஷோப்பேன் சாலையோரத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது மாலை ஐந்தரை இருக்கும். மலைப்பக்கமிருந்து ஒரு பழைய பிக்கப் வந்தது. பின்னால் நான்கைந்து பேர், அரிவாள்கள், காலிச் சாக்குகள், கயிறு கட்டிய பிளாஸ்டிக் கேன்கள். வண்டி நிற்பதற்கு முன்பே கிராம்பு வாசனை வந்துவிட்டது. இறங்கியவர்களில் ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெத்தீத் சவானிலிருந்தா என்று கேட்டேன். தலையசைத்தார். அங்கே போகக்கூடாதென்று சொல்லியிருக்கிறார்களே என்றேன்.

“தூங்கத்தான் கூடாது,” என்றார். “இலை வெட்டலாம். மேகம் கறுத்தால் போகமாட்டோம்.”

கேன்களை இறக்கி வைக்கக் கைகொடுத்தேன். கனமாக இருந்தன. அவர் வானத்தைப் பார்த்தார். மலைமேல் மேகம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. நாளைக்குப் போகலாம் என்று மற்றவர்களிடம் கிரியோலில் சொன்னார்.